கிட்டங்கியில் தங்கிய அடிகள்

வெள்ளத்தருவை உப்புக் கிட்டங்கியில் முதல் அடியை வாங்கியவன் நான்தான் என்பதால், இந்தக் கதையைச் சொல்லும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மீதிப் பேர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனவர்கள்.

தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கிட்டங்கியைத் திறந்து ஓடு எங்கே ஒழுகியிருக்கிறது, தரை எங்கே பெயர்ந்திருக்கிறது என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பியவள் என் மனைவி ஜெனோவா. ஒரு காலத்தில் கூரைவரை உப்பு குவித்து வைத்திருந்த நீளமான கட்டடம் அது. மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல், நடுவில் இரண்டு வரிசைத் தூண்கள். முதலாளி பெரிய ரோட்டோரம் புதுக் கிட்டங்கி கட்டிப் போன பிறகு ஜெனோவாவைத் தவிர அதை யாரும் சீந்தவில்லை. நான் மேற்கு வாசலால் நுழைந்து பத்து எட்டு வைத்திருப்பேன், என் இடது கன்னத்தில் ஒரு குத்து விழுந்தது. சும்மா இல்லை, கண்ணில் பூச்சி பறக்க, பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் ஒரு ஆள் கிடையாது. "யாரு?" என்றேன், என் குரல் கிழக்கு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

உட்கார்ந்த இடத்திலிருந்துதான் அதைப் பார்த்தேன். உடைந்த ஓடு வழியாக வெயில் சாய்வாக இறங்கி, அதில் உப்புத்தூசி சுழன்றுகொண்டிருந்தது, அந்தத் தூசிக்கு நடுவே, நெஞ்சு உயரத்தில், முக உயரத்தில், இடுப்பு உயரத்தில், தூசி போகாத சின்னச் சின்ன இடங்கள், ஒவ்வொன்றும் ஒரு கை முஷ்டி அளவு, சில ஒரு குதிகால் அளவு, சுத்தமான காற்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தூசி அவற்றிடம் வந்ததும் ஒதுங்கிச் சுற்றிப்போனது. என்னை அடித்த இடத்தில் மட்டும் அந்த வெற்றிடம் மெல்ல மெல்லத் தூசியால் நிரம்பி மூடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வெளியே வந்தேன். நடந்துதான் வந்தேன், ஓடவில்லை, இதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்தால், அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜெனோவா துருவிய கையோடு சுவரில் சாய்ந்து நல்ல தூக்கம். அவளைத் தேடி வந்திருந்த பக்கத்து வீட்டு வியாகுலம் என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லாசர் அண்ணே, இது டீச்சரோட எடது கைல்லா? கடேசில ஒரு திருகு திருகும், அந்தத் திருகு அப்படியே இருக்கு. வீட்டுல என்ன சண்டை?" என்று கேட்டாள். ஒன்பது வருடக் குடித்தனத்தில் ஜெனோவா என்னை ஒரு தட்டு தட்டியதில்லை, எனவே அவள் கை எப்படியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் வியாகுலத்துக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்தக் கை அவள் கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து வந்து நின்றிருக்கிறது.

அந்த ஒரு விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்து வந்தது. ஜெனோவா பெண்பிள்ளையாக இருந்தபோது தூத்துக்குடியில் ஒரு பங்குக் கோயில் கூடத்தில் கராத்தே பழகிக் கருப்புப் பட்டை வரைக்கும் போனவள். பதினெட்டு வயதில் பழகும் சண்டையில் கூடப் படித்த ரெஜினாவின் தாடையில் உதைத்து எலும்பை முறித்துவிட்டாள். ரெஜினா இரண்டு மாதம் குழாய் வைத்துக் கஞ்சி குடித்தாள், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவளுக்கு 'ச' வரவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு இந்த உப்புக்காட்டுக்கு வந்து, உப்பளத்துப் பெண்கள் பதினேழு பேரைச் சேர்த்து, திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்குக் கிட்டங்கியில் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது, அவள் போட்ட முதல் சட்டம், அடி முழு வேகத்தில் வர வேண்டும், உடம்புக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட வேண்டும். தொட்டால் அன்றைக்கு வகுப்புக்கு வெளியே.

மற்ற சட்டங்களும் உண்டு. வளையலைக் கழற்று, தாலியை ரவிக்கைக்குள் ஊக்குப் போட்டு வை, நகத்தை வெட்டு. மெட்டியைக் கழற்ற மாமியார்கள் ஒப்புக்கொள்ளாததால் விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வது என்று ஒரு சமாதானம். விடியுமுன் உப்புத்தண்ணீரில் இறங்கி விறைத்த கணுக்காலை முதலில் சுழற்று, பிறகு முட்டி, பிறகு இடுப்பு, அவசரப்பட்டால் நரம்பு பிசகும். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மடக்கினால் ஒடிவது உன் விரல்தான். பல்லைக் கடி, தாடையை இறக்கு. அடி தன்னை எட்டியிருக்கும் என்று தெரிந்தால், எதிரே நிற்பவள் கையைத் தூக்கி "பட்டுது" என்று தானாகச் சொல்ல வேண்டும், அதில் பொய் கூடாது. இப்படியே மூன்று வருடம். ஒரு பல் அசையவில்லை, ஒரு மூக்கு உடையவில்லை. டவுனிலிருந்து பார்க்க வந்த பயிற்சியாளர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள். ஜெனோவாவுக்கு அதில் பெருமை, எனக்கு அவளைவிடப் பெருமை.

அந்த மூன்று வருடத்து அடிகள்தான் கிட்டங்கிக்குள் அப்படியே இருந்தன. வகுப்பு நடந்தவரை யார்மேலும் படாதவை, போன மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்தபோதுதான் இறுகியிருக்க வேண்டும். ஏன் இருந்தன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கருவாட்டைக் கெடவிடாத உப்பு அடியையும் கெடவிடவில்லை என்றுதான் எங்களூரில் பலரும் சொல்லி முடித்துக்கொண்டார்கள். பங்குச்சாமியார் வாசலில் நின்று தீர்த்தம் தெளித்தார், தண்ணீர் சில இடங்களில் தரையில் விழாமல் சிதறியதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினார். சுடலைமாடன் கோயிலில் சாமியாடும் கோமரத்தாடி வந்து மோந்து பார்த்து, "இது எங்க சாமி வேலை இல்ல, பொம்பளைய வேலை, அவியளே பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. தண்ணீர் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதில் இருந்த கவலை எங்களுக்கு அதில் இல்லை.

பழகிக்கொண்டோம். ஆடு மாடு போகாமல் வாசல்களில் கயிறு கட்டினோம். ஒரு மூங்கில் முனையில் பனையோலைக் கடகத்தைக் கட்டி நீட்டிப் பார்த்தால், கடகம் ஓரிடத்தில் பொத்தென்று உள்வாங்கும், அந்த இடம் அத்தோடு காலி, ஒரு அடி ஒரு தடவைதான். அதே நேரத்தில் அந்த அடிக்குச் சொந்தக்காரி எங்கே இருந்தாலும், பாத்தியில் பலகையைப் பிடித்து உப்பு வாரிக்கொண்டிருந்தாலும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றாலும், நீளமாக ஒரு கொட்டாவி விடுவாள், தோள் இறங்கும், அன்றிரவு இடி விழுந்தாலும் எழும்பமாட்டாள். பெண்கள் கடகத்தைப் பார்த்தே யார் அடி என்று சொல்லிவிடுவார்கள், கையெழுத்தைப் பார்த்துச் சொல்வதுபோல. கிட்டங்கி வாசலில் நின்று காதைக் கொடுத்தால், உள்ளே ஒரு சத்தமும் இருக்காது, கடல்காற்றின் சத்தம்கூட வாசலோடு நின்றுவிடும், யாரோ நிறையப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அமைதி அது, அதைக் கேட்டவர்கள் தாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த அமைதி மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

அதை நியாயத்துக்குப் பயன்படுத்தலாம் என்று முதலில் நினைத்தவள் பஞ்சாயத்துத் தலைவி சொர்ணக்கிளி. வியாகுலத்தின் புருஷன் மிக்கேல் குடித்துவிட்டு அவளை மிதித்த வழக்கு அவளிடம் ஏழாவது முறையாக வந்தபோது, சொர்ணக்கிளி அலுத்துப்போய், "எல, நீ மேக்கு வாசலால உள்ள போயி கெழக்கு வாசலால வெளிய வா. அதோட உன் பேச்ச யாரும் எடுக்கமாட்டோம்" என்று சொன்னாள். மிக்கேல் சிரித்துக்கொண்டே போனான், கிழக்கு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான், அந்த வாரம் குடிக்கவில்லை. அளத்தில் ஐந்து பெண்கள் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டார்கள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. யார்மேல் புகார் வந்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடை. நடுப்பாதையில் நடக்க வேண்டும், தலைக்கவசம் கூடாது, சட்டைக்குள் பஞ்சு வைக்கக் கூடாது, நடந்து வந்தவனைப் பிறகு குத்திப் பேசக் கூடாது. பெண்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஆண்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அடுத்தது யாரு" என்று கேலி பேசி, வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினோம்.

ஜெனோவாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள், நடந்து வந்த ஆட்களின் காயத்தை எல்லாம் பார்த்துவிட்டு, அவள் பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

"எங்க வீட்டுக் குட்டை மனுசரத் தவிர எல்லாவனுக்கும் நெஞ்சுலயும் வயித்துலயும்தான அடி? ஏன்னு யோசிச்சியளா? நாம பழகினது நமக்குள்ளதான். எல்லா அடியும் நம்ம மூஞ்சிக்கும் நம்ம கழுத்துக்கும் அளவெடுத்துத் தச்ச அடி. ஆம்பளைக்கு அது நெஞ்சுல படும், வலிக்கும், போயிரும். நம்மள்ல ஒருத்தி தெரியாம உள்ள போனா மூஞ்சி இருக்காது. வாழத்தண்டைத் தூக்கிட்டு வாங்க, எல்லாத்தையும் இடிச்சுக் காலி பண்ணிருவோம்."

யாரும் அசையவில்லை. கடைசியில் இசக்கித்தாய்தான் பேசினாள். முப்பது வயது, நெடுநெடுவென்று வளர்ந்தவள், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுகிறவள்.

"மத்ததை இடிங்க டீச்சர். மூணாந்தூண்கிட்ட இருக்குறது என்னோடது. அதை மட்டும் விட்ருங்க."

எல்லோருக்கும் அது எது என்று தெரியும். போன வருடம் ஒரு புதன்கிழமை, கங்காணி தவசிலிங்கம் முதல்முதலாக அவள் முதுகில் கை வைத்த அன்று, அவள் வகுப்புக்கு வந்து வியாகுலத்தோடு ஜோடி சேர்ந்து, வியாகுலத்தின் தொண்டைக்கு ஒரு குத்து விட்டாள். வியாகுலம் குட்டை, பத்து வயதுப் பிள்ளை உயரம்தான் இருப்பாள். அந்தக் குத்து ஒரு விரல் தூரத்தில் நின்றது, நின்ற பிறகும் வியாகுலத்தின் கழுத்துத் தோல் உள்ளே போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் "பட்டுது" என்று சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அந்த அடி மூன்றாம் தூணை ஒட்டினாற்போல், தாழ்வாக, இன்னும் இருந்தது. அடையாளத்துக்கு அதன் கீழே ஒரு கடகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுப்பாதையைவிட்டு அது தள்ளி இருந்ததால் அதுவரை யார்மேலும் படவில்லை.

"அது கொன்னுரும் இசக்கி," என்றாள் ஜெனோவா.

"தெரியும் டீச்சர். யாரையும் கொல்லணும்னு எனக்கு ஆசை இல்ல. கொலைகாரின்னு பேரெடுக்கவா கராத்தே படிச்சேன்? அது அங்க இருக்குன்னு நெனச்சாத்தான் காலையில பாத்திக்கு எறங்க எனக்குக் கால் வருது. எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு."

ஜெனோவா வாழைத்தண்டை வாசலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒன்றையும் இடிக்கவில்லை. அன்றைக்கு இடித்திருக்க வேண்டும் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள்.

தவசிலிங்கத்தைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவன் எங்கள் அளத்தில் கங்காணி, ஆறடிக்கு மேல் உயரம், நல்ல தொப்பை, அவன் குரல் பத்துப் பாத்தி தாண்டிக் கேட்கும். யாருக்கு வேலை, யாருக்கு இல்லை, யார் எந்தப் பாத்திக்கு என்பதெல்லாம் அவன் வாயில். யார் கிழக்கே போகச் சொன்னாலும் மேற்கே போகிற பிறவி, அதிலும் ஒரு பெண் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். உப்பை இந்த வரப்பில் போடலாமா அண்ணாச்சி என்று ஒருத்தி கேட்டால், அந்த வரப்பில் போடு என்பான். நான் அதே அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட்டுகிறவன். அவன் இசக்கித்தாயை மட்டும் கடைசிப் பாத்திக்குத் தனியாக அனுப்புவதையும், கொஞ்ச நேரம் கழித்து அவன் பின்னால் போவதையும் மோட்டார் கொட்டகையிலிருந்து எத்தனையோ நாள் பார்த்தேன். மோட்டார் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பங்குனி முதல் வாரத்தில் ஒருநாள் காலை, இசக்கித்தாய் கடைசிப் பாத்தியிலிருந்து சட்டையில் இரண்டு பொத்தான் இல்லாமல் வந்தாள். புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் ஆண்சட்டை அது. யாரிடமும் பேசாமல் வந்து தண்ணீர் குடித்தாள். ஜெனோவா அன்றைக்கு எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவள்தான் ஓடிப்போய்க் கேட்டாள், நான் பின்னால் நின்றேன்.

"ஏட்டி, என்ன செஞ்சான்? நீ கைய ஓங்கலையா? மூணு வருசம் என்ன படிச்ச?"

"ஓங்கினேன் டீச்சர். நல்லாத்தான் ஓங்கினேன், இடுப்பைத் திருப்பி, கட்டைவெரல வெளிய வச்சு, நீங்க சொன்ன மாதிரி அவன் மூக்குக்கு விட்டேன்." அவள் தன் வலது கையைத் தூக்கி, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள். "ஒரு வெரல் இருக்கையில கை நின்னுபோச்சு டீச்சர். நான் நிறுத்தல. தானா நின்னுபோச்சு. அவன் சிரிச்சான்."

ஜெனோவாவின் முகம் அப்படிப் போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒருத்திக்கும் அடிபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்தது, பதினேழு பேர் கையிலும் ஊறிப்போய், வேண்டிய நேரத்திலும் ஒரு விரலில் வந்து நின்றுவிட்டது. வெட்டவெளியில் நின்ற அந்த அடியைக் கடல்காற்று அப்போதே எங்கோ கொண்டுபோயிருக்கும். அவள் இசக்கித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தப்பு, என் தப்பு" என்று நடு அளத்தில் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, நான் மோட்டாரைப் பார்க்கப் போனேன்.

புகாரை இசக்கித்தாய் கொடுக்கவில்லை. மற்றப் பெண்கள் அத்தனை பேரும் பலகையை வரப்பில் ஊன்றிவிட்டு, சொர்ணக்கிளி வீட்டுக்குப் போய், அவன் நடக்கும்வரை ஒரு பிடி உப்பு வாரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள், பாத்தியில் உப்பு முற்றிக் கட்டியாகத் தொடங்கியதும், முதலாளி ஆள் அனுப்பினார், தவசிலிங்கம் நடக்கச் சம்மதித்தான். அவன் பயப்படவில்லை. நடந்து வந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, எங்கே அடி விழுந்தது, எத்தனை விழுந்தது என்று விசாரித்து வைத்திருந்தான். நெஞ்சில்தான் படுகிறது என்றால் நெஞ்சுக்குக் கீழே குனிந்து போய்விட்டால் தீர்ந்தது என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தானாம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஊரே கிட்டங்கி வாசலில் நின்றது. வெயில் மேற்கு வாசல் வழியாக உள்ளே நீண்டிருந்தது, தூசிக்குள் அந்தச் சுத்தமான இடங்கள் முன்பைவிடக் குறைந்திருந்தாலும், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தன, உள்ளே காத்திருக்கிறவர்களின் கைகள் மட்டும் வந்து நிற்பதுபோல.

"நடுவுல நடங்க," என்றாள் ஜெனோவா.

"நடக்கதுக்கு எனக்கு நீ சொல்லித் தாரியோ?" என்றான் தவசிலிங்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, கைகளை முட்டியில் ஊன்றி, நடுப்பாதையைவிட்டு விலகி, தூண் ஓரமாக நுழைந்தான். சொர்ணக்கிளி ஏதோ சொல்லத் தொடங்கினாள், கூட்டத்தின் சிரிப்பில் அது கேட்கவில்லை. ஆறடி மனுஷன் அப்படிக் குனிந்து போவது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன்.

முதல் தூணைத் தாண்டினான். ஒன்றும் படவில்லை. அவன் தலைக்கு மேலே தூசி ஒதுங்கிய இடங்கள் தொங்கின, அவன் அவற்றுக்குக் கீழே போனான். இரண்டாம் தூணைத் தாண்டினான். அந்த உடம்புக்கு அவ்வளவு குனிவு முடியவில்லை, மூச்சு வாங்கியது, ஒரு கையைத் தூணில் ஊன்றி நின்றான். எதிரே கவிழ்ந்திருந்த கடகத்தைப் பார்த்தான், அதைக் காலால் எற்றித் தள்ளினான். அப்போதுதான் பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து நடந்தால் இசக்கித்தாயின் அடி அவன் தொப்பையில் படும், ஒரு வாரம் சோறு இறங்காது, அவ்வளவுதான். குனிந்த நிலையில் அவன் தொண்டை சரியாக வியாகுலத்தின் தொண்டை உயரத்தில் இருந்தது.

இசக்கித்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசல் கயிற்றருகே வந்தாள். அவள் கத்தியதை நான் என் காதால் கேட்டேன், ஊரே கேட்டது.

"அண்ணாச்சி! நிமிருங்க! நிமிந்து நடங்க அண்ணாச்சி!"

முதல் 'அண்ணாச்சி' கேட்டதுமே அவன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டான், அவள் கத்தி முடிக்கும்வரை பார்த்தான். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, இவள் என்னை அடிக்குள் நிமிரச் சொல்கிறாளா என்கிற சிரிப்பு. மறுபடியும் நன்றாகக் குனிந்து, முகத்தை முன்னால் நீட்டி, ஒரு எட்டு வைத்தான்.

நனைந்த சாக்கைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவன் பக்கவாட்டில் சாய்ந்து, தூணில் ஒரு தரம் உரசி, உட்கார்ந்தபடியே இருந்தான், கண் திறந்திருந்தது. என் பக்கத்தில் நின்ற வியாகுலம் மெதுவாகத் தன் கையைத் தூக்கி, "பட்டுது" என்றாள். கயிற்றருகே நின்ற இசக்கித்தாய், ஊர் முழுக்கப் பார்க்க, வாயை மூடக் கை தூக்க முடியாமல், தோள்கள் இரண்டும் இறங்க, நீளமாக, நிதானமாக, ஒரு கொட்டாவி விட்டாள்.

போலீஸ் வந்தது, போனது. தூணில் மோதி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். ஊரும் அதைத் தன் வழியில் ஏற்றுக்கொண்டது. செத்தவன் தன் திமிரால் செத்தான், அவள் காப்பாற்றத்தான் பார்த்தாள், தனக்கு அவ்வளவு கெடுதல் செய்தவனைக்கூட அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் காப்பாற்றப் பார்த்த மனசு யாருக்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். பங்குச்சாமியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். தவசிலிங்கத்தின் பெண்டாட்டியே வந்து இசக்கித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். இசக்கித்தாய் இரண்டு பகல், இரண்டு இரவு தூங்கினாள்.

மூன்றாம் நாள் பதினோரு மணி வாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன், ஜெனோவா முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இசக்கித்தாய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டிக்கொண்டே, தரையைப் பார்க்காமல், நேராக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"டீச்சர், அன்னைக்கு அவன் நிமிரப் போனான். நீங்க கவனிச்சியளா?"

"இல்லயே."

"தூணுல கைய ஊனினான்லா, இடுப்பு நொந்து நிமிரத்தான் ஊனினான். நான் வாயவே தெறக்காம இருந்திருந்தா அவனாவே நிமிந்திருப்பான். வயித்துல ஒண்ணு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்."

ஜெனோவா மீனைக் கீழே வைத்தாள்.

"நீ காப்பாத்தத்தான கூப்பிட்ட?"

"தொடங்கையில அப்படித்தான் டீச்சர். சத்தியமா அவன் சாவக் கூடாதுன்னுதான் 'அண்ணாச்சி'ன்னு கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பாத்தான். அந்த மொகத்தைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பன்னெண்டு வருசம் அவன்ட்ட வேலை பாத்தவ நான். நான் நிமிருன்னா அவன் குனிவான். எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரிஞ்சுது." அவள் மீனை அலசிச் சட்டியில் போட்டாள். "தெரிஞ்ச பெறவும் நான் நிறுத்தல டீச்சர்."

கட்டிலில் நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். பிறகு ஜெனோவா அடுத்த மீனை எடுத்து, "இந்தா" என்று அவளிடம் கொடுத்ததும், அவள் அதை வாங்கிச் செதிலைச் சுரண்டியதும் கேட்டது.